பழைய ஆம்ப்ளிஃபையரைத் திறக்கிறதுக்கு முன்னாடி மேசையில என்ன இருக்கணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச வரைக்கும் அப்படியே விட்டிருக்கோம். "ஆக்சுவலி" மட்டும் பாதிக்கு மேல வெட்டியாச்சு.)

இன்னைக்கு கோடிங் பத்திப் பேசப் போறதில்ல. வீட்டுப் பரண்ல, அலமாரிக்கு மேல, துணி போட்டு மூடி வச்சிருக்கிற ஆம்ப்ளிஃபையர், டேப் டெக், ஸ்பீக்கர் பத்திப் பேசப் போறோம். போன எபிசோட்ல "வார இறுதியில நான் பழைய ஆடியோ செட் ரிப்பேர் பண்ணுவேன்"னு போற போக்குல ஒரு வார்த்தை விட்டேன். அதுக்கு வந்த மெசேஜ்ல முக்கால்வாசி ஒரே கேள்வி: "ப்ரோ, என்னென்ன டூல்ஸ் வாங்கணும்? லிஸ்ட் குடுங்க."

லிஸ்ட் குடுக்கலாம். ஆனா வெறும் லிஸ்ட் குடுத்தா நீங்க முதல்ல வாங்கப் போறது சால்டரிங் ஐயர்ன். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. என் கணக்குப்படி ஐயர்ன் நாலாவது இடத்துலதான் வருது. கோளாறைக் கண்டுபிடிக்கிற சாமான் முதல்ல, மாத்துற சாமான் அப்புறம். வீட்டு ஆடியோ சாமான்ல வர்ற கோளாறு நிறைய, வயசானதால வர்றது: அழுக்குப் பிடிச்ச கான்டாக்ட், விரிசல் விட்ட ஈயம், காய்ஞ்சு போன கெப்பாசிட்டர், உருகிப் போன ரப்பர். இதுக்கெல்லாம் மருந்து மலிவு. எங்க தப்புன்னு பார்க்காம ஐசியைக் கழட்டுனா செலவும் ஏறும், நல்லா இருந்த போர்டும் போகும்.

முதல் டூல், சிரிக்காதீங்க, ஒரு குண்டு பல்பு. 100 வாட், பழைய டங்ஸ்டன் இழை பல்பு. எல்இடி ஆகாது, சிஎஃப்எல் ஆகாது. ஒரு ஹோல்டர், ஒரு சாக்கெட், ஒரு சுவிட்ச், எல்லாத்தையும் ஒரு போர்டுல போட்டு, பல்பை ஃபேஸ் ஒயர்ல சீரிஸா கொடுக்கணும். எலக்ட்ரீஷியன்கிட்ட "சீரிஸ் டெஸ்ட் போர்டு வேணும்ணா"ன்னு சொன்னா அவருக்கே புரியும். 230 வோல்ட் வயரிங் பண்ணிப் பழக்கம் இல்லாதவங்க அவர்கிட்டயே கட்டி வாங்கிக்கோங்க.

இது என்ன பண்ணுது? ரிப்பேருக்கு வந்த ஆம்ப்ளிஃபையரை நேரா சுவர் பிளக்ல செருகுறது, டெஸ்ட் பண்ணாத கோடை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ரொடக்‌ஷன்ல ஏத்துற மாதிரி. இந்த போர்டுதான் நம்ம ஸ்டேஜிங் சர்வர். 100 வாட் பல்பு 230 வோல்ட்ல எடுக்கிற கரன்ட் சுமார் 0.43 ஆம்பியர். ஆம்ப்ளிஃபையருக்குள்ள அவுட்புட் டிரான்சிஸ்டர் முழுசா ஷார்ட் ஆகியிருந்தாலும் அதுக்கு மேல கரன்ட் நிலையா ஓட முடியாது. பல்பு பளிச்சுன்னு எரியும், உள்ள எதுவும் புகையாது. நல்ல ஆம்ப்ளிஃபையரா இருந்தா, பவர் சப்ளை கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுற நேரம் பல்பு ஒரு தடவை மின்னி, உடனே மங்கிடும். டங்ஸ்டன் இழைக்கு ஒரு குணம் உண்டு. சூடு இல்லாதப்போ அதோட ரெசிஸ்டன்ஸ் ரொம்பக் குறைவு, சூடானா பத்து மடங்குக்கு மேல ஏறும். அதனால குறைஞ்ச கரன்ட் ஓடுறப்போ ஆம்ப்ளிஃபையருக்குக் கிட்டத்தட்ட முழு வோல்டேஜ் போகும். தப்பு நடந்தா பல்பே குறுக்க நின்னு தடுத்திடும்.

ரெண்டு விஷயம் கவனம். இது செட்டைக் காப்பாத்தும், உங்களைக் காப்பாத்தாது. சீரிஸ் பல்புல இருந்தாலும் உள்ள தொட்டா ஷாக் அடிக்கும். இன்னொண்ணு, புது சவுண்ட்பார், பவர்டு ஸ்பீக்கர்ல எல்லாம் எஸ்எம்பிஎஸ் சப்ளை இருக்கும். அது சீரிஸ் பல்புல சரியா ஸ்டார்ட் ஆகாம விட்டு விட்டு எரியலாம். அதை வச்சு செட் போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. கனமான டிரான்ஸ்ஃபார்மர் வச்ச பழைய செட்டுக்குத்தான் இந்த வித்தை கச்சிதம்.

ரெண்டாவது, மல்டிமீட்டர். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்ல கிடைக்கிறது போதும், ஆனா கன்டின்யூட்டி பீப் சத்தம், டயோட் மோட், டிசி மில்லி வோல்ட் ரேஞ்ச் மூணும் இருக்கணும். புரோப் ஒயர் தடிமனா, விரிசல் இல்லாம இருக்கணும். நம்மளுக்கு பிரின்ட் ஸ்டேட்மென்ட் எப்படியோ, இங்க மீட்டர் அப்படி.

மீட்டரை வச்சு முதல்ல பார்க்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ஸ்பீக்கரைக் கழட்டிட்டு, ஆம்ப்ளிஃபையரை சீரிஸ் பல்பு வழியா ஆன் பண்ணி, ஸ்பீக்கர் டெர்மினல்ல டிசி வோல்டேஜ் பாருங்க. சில பத்து மில்லி வோல்ட் வந்தா கவலை இல்ல. 100 மில்லி வோல்ட்டைத் தாண்டினா சந்தேகப்படணும். முழு வோல்ட் கணக்குல வந்தா அந்த ஆம்ப்ளிஃபையர்ல ஸ்பீக்கரை மாட்டவே கூடாது. ஷார்ட் ஆன டிரான்சிஸ்டர் வழியா 30, 40 வோல்ட் டிசி நேரா வாய்ஸ் காயிலுக்குப் போனா, சில செகண்ட்ல காயில் கருகிடும். ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர்னு ஆரம்பிச்சு ஸ்பீக்கரையும் சேர்த்துப் பறிகொடுக்கிற கதை இப்படித்தான் நடக்குது. ஸ்பீக்கரைத் தனியா பார்க்கணும்னா ஓம்ஸ் மோட் போதும். 8 ஓம்ஸ்னு போட்டிருக்கிற ஸ்பீக்கர் மீட்டர்ல 6, 7 காட்டும். அது சரிதான். பெட்டியில எழுதியிருக்கிறது ஏசி இம்பீடன்ஸ், மீட்டர் காட்டுறது டிசி ரெசிஸ்டன்ஸ்.

மூணாவது சாமான் ஒரு சின்ன ரெசிஸ்டர். 1 கிலோ ஓம், 5 வாட், ரெண்டு முனையிலயும் ஒயர், முனையில கிளிப், மேல முழுக்க ஸ்லீவ். விலை டீக்காசு. பிளக்கைப் புடுங்கிட்டா கரன்ட் இல்லன்னு நாம நினைக்கிறோம். 10,000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் 50 வோல்ட்ல சார்ஜ் ஆகி நின்னா, அதுக்குள்ள 12.5 ஜூல் சக்தி இருக்கு. பெரும்பாலான ஆம்ப்ளிஃபையர்ல அந்த மாதிரி ரெண்டு. சில பேர் ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்க வச்சு "டப்"புன்னு டிஸ்சார்ஜ் பண்ணுவாங்க. பார்க்க ஸ்டைலா இருக்கும், ஆனா தீப்பொறி பறக்கும், கெப்பாசிட்டரோட கால் உருகும், கண்ணுல தெறிக்கவும் வாய்ப்பு இருக்கு. இந்த ரெசிஸ்டரை ரெண்டு காலுக்கும் நடுவுல வச்சு ஒரு நிமிஷம் பிடிங்க, அமைதியா இறங்கிடும். அப்புறம் மீட்டரை வச்சு ஜீரோ வந்திருக்கான்னு பாருங்க. பார்த்த பிறகுதான் விரல்.

இதுவரைக்கும் வாங்குனதுல ஒண்ணு கூட எதையும் ரிப்பேர் பண்ணல, கவனிச்சீங்களா? ஆனா பாதி வேலை முடிஞ்சது. ஒரு உதாரணம் சொல்றேன்.

திருச்சியில இருந்து நம்ம லிசனர் ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. அவங்க அப்பா வாங்கின ஜப்பான் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். அப்பா இப்ப இல்ல. செட்டுல இடது பக்கம் சத்தம் வர்றது இல்ல. எடுத்துட்டுப் போன கடையில "ஐசி போயிடுச்சும்மா, பார்ட்ஸ் வராது, புதுசு வாங்கிக்கோங்க"ன்னு மூடியைக் கூடத் திறக்காம சொல்லிட்டாங்களாம். அவங்களுக்குப் புது செட் வேண்டாம், இந்த செட்தான் வேணும்.

வீடியோ கால்ல முதல்ல பண்ண வேலைக்கு டூலே தேவைப்படல. ஆஃப் பண்ணிட்டு இடது, வலது ஸ்பீக்கர் ஒயரை மாத்தி மாட்டச் சொன்னேன். இப்ப வலது பக்கப் பெட்டி ஊமை ஆயிடுச்சு. அப்ப ஸ்பீக்கர் நல்லா இருக்கு, தப்பு ஆம்ப்ளிஃபையர்ல. அடுத்தது, பின்னாடி வர்ற இன்புட் கேபிளை மாத்தினோம். கோளாறு நகரல. அப்ப போன்லயோ கேபிள்லயோ தப்பு இல்ல. பைனரி சர்ச், அவ்வளவுதான். அப்ப அவங்க ஒண்ணு சொன்னாங்க: "வால்யூமை நல்லா ஏத்தினா திடீர்னு 'பட்'டுன்னு அந்தப் பக்கமும் வந்துடுது. குறைச்சு வச்சு ஆன் பண்ணா மறுபடி போயிடுது."

இந்த ஒரு வரிதான் கேஸை முடிச்சது. நல்ல ஆம்ப்ளிஃபையர்ல ஆன் பண்ணி சில செகண்ட் கழிச்சு உள்ள "டக்"குன்னு ஒரு சத்தம் கேட்கும். அது ஸ்பீக்கர் ப்ரொடெக்‌ஷன் ரிலே. ஆம்ப்ளிஃபையர் நிலைக்கு வந்த பிறகுதான் அது ஸ்பீக்கரை உள்ள சேர்க்கும், டிசி வந்தா வெட்டி விடும். வருஷக்கணக்குல அதோட கான்டாக்ட்ல கறுப்புப் படலம் சேரும். சின்ன சிக்னல் அதைத் தாண்டாது. பெரிய சிக்னல் வந்தா படலத்தை உடைச்சுக்கிட்டுப் போகும். ஐசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

அவங்க ஊர்லயே ரேடியோ மெக்கானிக் ஒருத்தர்கிட்ட "ரிலேயை மட்டும் மாத்திக் குடுங்கண்ணா"ன்னு கேட்கச் சொன்னேன். 24 வோல்ட் காயில், ரெண்டு செட் கான்டாக்ட், அதே பின் அமைப்பு. வேலை முடிஞ்சு செட் பாடுது. ரிலேயோட விலை, அவங்க கடைக்குப் போய் வந்த ஆட்டோ காசை விடக் குறைவு. (ரிலேக்குள்ள உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற பழக்கம் சில பேருக்கு இருக்கு. கான்டாக்ட் மேல பூச்சு இருக்கு, அதைச் சுரண்டிட்டா ரெண்டு மாசத்துல அதே கோளாறு இன்னும் மோசமா வரும்.)

சரி, இப்ப நாலாவது: சால்டரிங் ஐயர்ன். 25 வாட் ஐயர்ன் சின்ன போர்டுக்கு ஓகே. ஆனா ஆம்ப்ளிஃபையர்ல தடிமனான கிரவுண்ட் டிராக், பெரிய கெப்பாசிட்டர் கால் எல்லாம் சூட்டை உறிஞ்சிடும். முடிஞ்சா டெம்பரேச்சர் கன்ட்ரோல் இருக்கிற 60 வாட் ஐயர்ன் எடுங்க. 350 டிகிரி பக்கம் வச்சு, ரெண்டு மூணு செகண்ட்ல வேலையை முடிக்கணும். குறைஞ்ச சூட்டுல ரொம்ப நேரம் அமுக்கிக்கிட்டே இருந்தாத்தான் டிராக் உரிஞ்சு வரும்.

ஈயக்கம்பி வாங்குறப்போ 63/37 அல்லது 60/40னு போட்டது, 0.8 மில்லி மீட்டர், உள்ள ரோசின் ஃப்ளக்ஸ் இருக்கிறது. 63/37 சரியா 183 டிகிரியில உருகி, அதே சூட்டுல உறையும், நடுவுல கூழ் நிலை இல்ல. பழகுறவங்களுக்கு இது பெரிய வரம். லெட் இல்லாத ஈயம் 217 டிகிரிக்கு மேலதான் உருகும், கை பழகுன பிறகு பார்த்துக்கலாம். வர்ற புகை ஃப்ளக்ஸ் புகை. அந்தச் சூட்டுல லெட் ஆவியாகாது. ஆனா அந்த ஃப்ளக்ஸ் புகையே ஆஸ்துமாவைக் கிளப்பும், அதனால ஜன்னல், ஃபேன் முக்கியம். லெட் உள்ள போறது கை வழியா. வேலை முடிச்சு சோப்பு போட்டுக் கை கழுவாம முறுக்கு டப்பாவைத் தொடாதீங்க. பைப் வேலைக்கு விக்கிற ஆசிட் ஃப்ளக்ஸ் போர்டு பக்கமே வரக் கூடாது, டிராக்கை அரிச்சிடும்.

கூடவே ஒரு டீசால்டர் பம்ப், கொஞ்சம் செம்புப் பின்னல், தனியா ஒரு டப்பா ரோசின் ஃப்ளக்ஸ். ஐயர்னோட முதல் வேலை பார்ட் மாத்துறது கிடையாது. போன் கேமராவை ஜூம் பண்ணி போர்டோட பின்பக்கத்தைப் பாருங்க. கனமான பார்ட், சூடாகுற பார்ட், சாக்கெட், இதோட காலைச் சுத்தி முடி மாதிரி ஒரு வட்ட விரிசல் தெரியும். கொஞ்சம் ஃப்ளக்ஸ், கொஞ்சம் புது ஈயம், திரும்ப உருக்கினா முடிஞ்சது. "தட்டினா பாடுது" வகைக் கோளாறு நிறைய இதுலயே தீரும்.

கரகர வால்யூமுக்கு வருவோம். குமிழைத் திருப்புனா "க்ர்ர்ர்". உள்ள இருக்கிற கார்பன் பாதையில தூசியும் ஆக்சைடும். இதுக்குக் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே வேணும், அதுலயும் வால்யூம் கன்ட்ரோலுக்கு ஏத்தது, லூப்ரிகன்ட் சேர்ந்தது. டீஆக்சிட் டி5 உலகம் முழுக்கப் பேர் போனது, நம்ம ஊர்ல விலை உறைக்கும், ஆனா ஒரு கேன் வருஷக்கணக்குல வரும். நீலமும் மஞ்சளுமா எல்லா வீட்டுலயும் இருக்கிற சாதா டபிள்யூடி-40ஐ அடிக்காதீங்க. அது ஈரத்தை விரட்டவும் துரு விடவும் செஞ்சது, எண்ணெய்ப் பசையை விட்டுட்டுப் போகும், அதுல தூசி ஒட்டும். அதே கம்பெனி கான்டாக்ட் கிளீனர்னு தனியா ஒண்ணு விக்குது, அது வேற. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் சுத்தம் பண்ணும், ஆனா இருக்கிற கிரீஸையும் கழுவிடும், அதனால வால்யூமுக்கு அதை மட்டும் நம்பாதீங்க. பிளக்கைப் புடுங்கிட்டு, டெர்மினல் பக்கத்துச் சந்துல ஒரு சொட்டு அடிச்சு, முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்க. நல்லா காய்ஞ்ச பிறகு ஆன் பண்ணுங்க, ஏன்னா இந்த ஸ்ப்ரே நிறைய தீப்பிடிக்கும்.

அடுத்தது "ஹூம்ம்ம்". இதுக்கு ஒரு ஃப்ரீ டூல் உங்க போன்லயே இருக்கு. ஸ்பெக்ட்ரம் காட்டுற ஏதாவது ஒரு ஆப்பைப் போட்டு ஸ்பீக்கர் கிட்ட காட்டுங்க. நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபையரைத் தாண்டினதும் அது 100 ஆயிடும். உச்சம் 100ல இருந்தா பவர் சப்ளை ஃபில்டர் கெப்பாசிட்டர் மேல சந்தேகம். 50ல இருந்தா பெரும்பாலும் கேபிள் ஷீல்டு, கிரவுண்ட் லூப் பக்கம். போன் மைக்குக்குத் தாழ்ந்த சத்தம் கொஞ்சம் சரியா கேட்காது, அதனால ரொம்பக் கிட்ட வச்சுப் பாருங்க.

கெப்பாசிட்டர் மாத்தணும்னா: மைக்ரோ ஃபாரட் அதே அளவு, வோல்டேஜ் அதே அல்லது கூட, 105 டிகிரி வகை. சூடு 10 டிகிரி குறைஞ்சா ஆயுள் ரெண்டு மடங்குன்னு ஒரு கணக்கு இருக்கு. சென்னை மே மாசத்துல, காத்துப் போகாத அலமாரிக்குள்ள இருக்கிற செட்டுக்கு 85க்கும் 105க்கும் நடுவுல இருக்கிற அந்த 20 டிகிரி பெரிய விஷயம். கோடு போட்ட பக்கம் மைனஸ், மாத்திப் போட்டா வெடிக்கும். அப்புறம், "எல்லாக் கெப்பாசிட்டரையும் ஒரேயடியா மாத்திடலாம்"னு சொல்ற யூடியூப் வீடியோவை நம்பாதீங்க. ஓடுற சிஸ்டத்துல ஒரே கமிட்ல நாற்பது ஃபைல் மாத்துறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்ல. புதுசா ஒரு கோளாறு வந்தா எதால வந்துச்சுன்னு தெரியாது. ஒண்ணு மாத்து, டெஸ்ட் பண்ணு.

டேப் டெக் வச்சிருக்கிறவங்களுக்குச் சுருக்கமா: பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும். காட்டன் பட், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், நிறையப் பொறுமை. புது பெல்ட் வாங்க உள்சுற்றளவு, தடிமன், சதுரமா தட்டையான்னு மூணு விவரம் வேணும். பழசு தொய்ஞ்சிருக்கும், அதனால அளந்ததை விடக் கொஞ்சம் சின்னதா எடுங்க. இன்னொண்ணு, ஜப்பான் செட்டோட ஸ்க்ரூ பிளஸ் மாதிரியே தெரியும், ஆனா அது ஜேஐஎஸ். தலையில சின்னப் புள்ளி இருந்தா அதுதான். சாதா பிளஸ் டிரைவர் போட்டு அமுக்கினா தலை மழுங்கிடும். நூறு பிட் இருக்கிற செட்டுக்குப் பதிலா ரெண்டு நல்ல ஜேஐஎஸ் டிரைவர் வாங்குங்க.

எங்க வாங்குறது? சென்னைக்காரங்களுக்கு மவுண்ட் ரோடு பக்கத்துல ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கு. மத்தவங்களுக்கு ஆன்லைன். ரிச்சி ஸ்ட்ரீட் போறப்போ கழட்டின பழைய பார்ட்டைக் கையில எடுத்துட்டுப் போங்க. கவுன்ட்டர்ல நம்பர் சொல்லி விளக்குறதை விட, பார்ட்டை வச்சு "அண்ணா, இது"ன்னா ஒரு நொடியில வேலை முடியும். ஒரே ஒரு எச்சரிக்கை, அவுட்புட் டிரான்சிஸ்டர். நம்ம ஊர் அசெம்பிள் செட்ல பெரும்பாலும் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடிதான் இருக்கும். தோஷிபாவோட அசல் 5200 தாங்குறது 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட். இதுல போலி நிறைய சுத்துது. மேல அதே பேர் அச்சடிச்சு, உள்ள சின்ன சிப். குறைஞ்ச வால்யூம்ல பாடும், ஏத்தினதும் ஷார்ட் ஆகும். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவா இருந்தா நம்பாதீங்க. மாட்டுறப்போ அடியில மைக்கா ஷீட், ரெண்டு பக்கமும் மெல்லிசா ஹீட் சிங்க் பேஸ்ட். அந்த டிரான்சிஸ்டரோட முதுகு கலெக்டரோட இணைஞ்சது. அதனால முடுக்கின பிறகு கலெக்டர் காலுக்கும் ஹீட் சிங்குக்கும் மீட்டர் வச்சுப் பாருங்க. பீப் வந்தா மைக்கா கிழிஞ்சிருக்கு, ஆன் பண்ணாதீங்க. பீப் இல்லன்னா குண்டு பல்பு வழியா ஆன் பண்ணுங்க.

ஃபியூஸ் ஒரு டப்பா வச்சுக்கோங்க, ஆம்பியரும் டி, எஃப் எழுத்தும் பார்த்து. டின்னா மெதுவா போகும், எஃப்னா சட்டுனு போகும். சிகரெட் ஃபாயில், ஒயர் முடி சுத்துற வேலையெல்லாம் வேண்டாம்.

தாத்தா காலத்து வால்வ் ரேடியோ வச்சிருக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. அதுக்குள்ள 250 வோல்ட் அளவுக்கு டிசி இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி மாடல்ல சேசிஸே மெயின்ஸோட இணைஞ்சிருக்கும், பிளக் திரும்பி இருந்தா இரும்புத் தட்டே ஃபேஸ். இன்னைக்குச் சொன்ன கிட் அதுக்குப் பத்தாது. அதைத் தனி எபிசோடா, அந்த வேலையில ஊறின ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து பேசுவோம்.

அதுவரைக்கும் உங்க செட் "ஹூம்"னு சொன்னா, ஒரு இருபது செகண்ட் ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. 50ஆ 100ஆன்னு பார்த்துச் சொல்றேன்.